கூண்டு எண் எங்கிருந்து வருகிறது?

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றதும் நாம் கிடங்கைப் பார்க்க ஓடுகிறோம். பர்மா உளுந்தும் மலேசிய பாமாயிலும் ஏற்றி வரும் கப்பல் என்ன ஆயிற்றோ என்ற கவலை வேறு. அந்த எச்சரிக்கைக்கு உதவுவதில் சரக்குக் கப்பல்களுக்கும் பங்குண்டு என்பதை வணிக அன்பர்கள் அறிவது நல்லது.

செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டும். கடல்மட்டக் காற்றழுத்தத்தையோ அந்த இடத்திலேயே கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும். மிதவைகள் இல்லாத இடத்தில் கப்பலே துணை. உலக வானிலை அமைப்பின் திட்டத்தில் தாமாகச் சேர்ந்த கப்பல்களின் அதிகாரிகள், நம் நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணிக்கு அளவெடுத்துக் கரைக்கு அனுப்புகிறார்கள்.

முதலில் காற்றழுத்தம். பாரமானி கடல்மட்டத்துக்கு 25 மீட்டர் மேலே இருந்தால், அது காட்டும் அளவுடன் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் கூட்ட வேண்டும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் வழக்கத்தைவிட 3 குறைந்தாலே மாலுமி உஷாராவான். 5 குறைந்தால் புயல் பக்கத்தில் என்று சந்தேகிப்பான். ஆகவே கூட்ட மறந்தால் இல்லாத புயலுக்கு எச்சரிக்கை போய்விடும்!

அடுத்து காற்றின் வேகம். சாக்கு எடையைக் கழித்து நிகர எடை காண்பது நமக்குத் தெரிந்ததே. இங்கும் அப்படித்தான். எதிர்க்காற்றில் மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பலில் கருவி 35 காட்டினால், உண்மைக் காற்று 20 தான்.

கடல்நீரின் சூட்டை, வாளியில் மொண்ட உடனேயே பார்க்க வேண்டும். தாமதித்தால் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதத்துக்கு இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி.

இந்த வழக்கத்துக்கு வங்கக் கடலோடு பழைய உறவு உண்டு. கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்து ஒப்பிட்டு, புயல் சுழன்று வீசுவதை விளக்கிய கல்கத்தாவின் ஹென்றி பிடிங்டன்தான் 1848இல் 'சைக்ளோன்' என்ற சொல்லைத் தந்தவர்.

கூண்டு எண் 1, 2 என்றால் ஆபத்து தொலைவில். 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 10 வரை அபாயம், பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. நடுக்கடலில் ஒருவர் பொறுப்பாக எடுத்த அளவு நமக்குத் தருவது சில மணி நேர அவகாசம். 5 வரும்வரை காத்திராமல், தொலைதூர எச்சரிக்கையின்போதே தரையிலுள்ள மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவிடுவதே லாபம்.