படிவெட்டிய வளையம்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். தமது 100 சீ.சீ. மோட்டார் சைக்கிளில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியே பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து லாகுகலக் காட்டினூடாகச் சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று சுற்றிச் சென்று, கதிர்காமக் கந்தனைத் தரிசித்துத் திரும்ப வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆயின் மட்டக்களப்புப் பட்டினத்துக்கு ஒரு தடவை போய்வருவதற்குள்ளேயே இடுப்பும் முதுகும் இற்றுவிடுகின்றன என்றும், ஆகையால் எவ்வளவு செலவானாலும் மிக மிருதுவான இருக்கையொன்றைத் தைப்பித்துவிட எண்ணியிருப்பதாகவும், அதற்கு எந்த வகை ஸ்பொஞ்சு உகந்தது என்று தெரிவிக்க வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மிருதுவான ஸ்பொஞ்சு நெடும்பிரயாணத்துக்கு உதவாது. நாம் உட்காரும்போது நம் சரீர பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளே தாங்குகின்றன. மென்மையான ஸ்பொஞ்சில் அந்த முனைகள் முதற் கால்மணி நேரத்துக்குள் மெல்ல மெல்ல அமிழ்ந்து, அடித்தகட்டைத் தொட்டுவிடுகின்றன. அதன்பின் அவர் இருப்பது ஸ்பொஞ்சின்மீதன்று, தகட்டின்மீதே. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து மயங்கும் மென்மைக்கும், நான்கு மணி நேரம் கழித்துச் சரீரம் கேட்கும் ஆதாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சற்றே கடினமானதும், அடர்த்தியானதும், இருவர் அமரும் இடத்திலும் அகலமும் மட்டமுமாக வெட்டப்பட்டதுமான ஸ்பொஞ்சே நல்லது. மேலுறையாக வெயிலில் கொதிக்கும் ரெக்சினைவிடக் காற்றுப் புகும் வலைத்துணி மேலானது. குஷன் வேலை தெரிந்த எவரும் ஒரு பகலில் இதைச் செய்துகொடுப்பர்.

ஆயினும் இருக்கையைப் பற்றிய பேச்சை இத்துடன் நிறுத்திக்கொண்டு, அன்பர் கேளாத வேறொரு விஷயத்தைப் பற்றியே இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுத விரும்புகிறேன். வீதியிலுள்ள ஒரு மேடு நம் முதுகெலும்பை அடைவதற்கு முன் டயர், சுருள்வில், இருக்கை என்னும் மூன்று காவல்களைக் கடந்து வரவேண்டியிருக்கிறது. அவற்றுள் கடைசிக் காவலாகிய இருக்கையையே எல்லோரும் குறைகூறுகின்றனர். முதலிரு காவல்களும் தூங்கிப்போயிருப்பதை எவரும் கவனிப்பதில்லை. முதற்காவலாகிய காற்றடைத்த டயரை, 1888 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிள் கரடுமுரடான தெருவில் அதிர்வதைக் காணச் சகியாமல் செய்தார். அதற்குப் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பே, 1876 இல், நமது ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகள் வேரூன்றிவிட்டன என்பதும் நினைக்கத்தக்கது. இரண்டாங் காவல் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. அதுவரையில் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருக்க, இருக்கையின் அடியிலிருந்த வில்களே ஓட்டுபவரைக் காத்துவந்தன. 1949 ஆம் ஆண்டின் றோயல் என்பீல்ட் புல்லட், பின்சக்கரத்தை அசையும் புயமொன்றில் தாங்கி, இருபுறமும் எண்ணெய் நிரம்பிய சொக் அப்சோபர்களைப் பூட்டிக்கொண்டு வந்தபோது, சாமானியர் வாங்கக்கூடிய வண்டிகளில் அது புதுமையாகவே இருந்தது. பின்னாளில் சென்னையில் உற்பத்தியாகி இந்தியாவெங்கும் ஓடிய புல்லட்டும் அந்த வமிசத்தைச் சேர்ந்ததே.

இன்று மட்டக்களப்பு வீதிகளில் ஓடும் 100, 125 சீ.சீ. வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் அவ்வாறே இரண்டு சொக் அப்சோபர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றன் அருகே குனிந்து, சுருள்வில்லின் கீழ்நுனியைச் சற்று உற்று நோக்குங்கள். சேற்றையும் கிறீஸையும் துடைத்தபின், படிக்கட்டாக வெட்டப்பட்ட இரும்பு வளையமொன்று தென்படும். அதில் மூன்றோ ஐந்தோ படிகள் இருக்கும். வளையத்தைச் சுழற்றினால் சுருள்வில்லின் அடி ஒவ்வொரு படியாக உயரும், அல்லது தாழும். இதைச் சுழற்றுவதற்கென்றே கொக்கி வடிவான ஸ்பானர் ஒன்று பல வண்டிகளுடன் கொடுக்கப்படுகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்பானர் வெளிச்சத்தைக் காணாமலே துருப்பிடித்து, வண்டியோடு சேர்ந்து மறுகை மாறிப்போவதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒரு யந்திரத்தில் மனிதனுடைய தேகத்துக்கென்றே செய்துவைத்த ஒரேயொரு திருத்தம் இவ்வளவு புறக்கணிக்கப்படுவது எனக்கு எப்போதும் வருத்தத்தையே தருகிறது.

இந்த வளையத்தைப் பற்றி அறிந்தவர்களுங்கூட அதைத் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கின்றனர். படியை உயர்த்தினால் வில் கடினமாகிறது, தாழ்த்தினால் மிருதுவாகிறது என்பது கராஜ்தோறும் சொல்லப்படும் அபிப்பிராயம். உண்மையில் வளையம் வில்லின் கடினத்தைத் தொடுவதே இல்லை. ஒரு மில்லிமீற்றர் தாழ்வதற்கு இரண்டு கிலோ பாரம் வேண்டும் என்னும் இயல்புடைய வில், வளையத்தை எந்தப் படியில் வைத்தாலும், அடுத்த மில்லிமீற்றருக்கு அதே இரண்டு கிலோவைத்தான் கேட்கும். ஒரு பெரிய வில்லுக்குள் சிறிய வில்லொன்றை வைத்துச் செய்த வகைகளிலும், ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றப்பட்ட வகைகளிலும் இந்த விதி சற்று நெகிழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிப்படை மாறாது. வளையம் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தையே.

உயரம் எதற்கு என்பதை விளக்க மட்டக்களப்பு வாவியையே துணைக்கழைக்கிறேன். என் சிறுபிராயத்தில் வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரை வயல்களில் அறுத்த நெல்லை மூட்டையாகக் கட்டித் தோணியில் ஏற்றிக் கிழக்கிலுள்ள எழுவான்கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் தோணி சற்றுச் சற்றாகத் தாழும். தோணிக்காரர் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்ததை நான் கண்டதில்லை. நீருக்குமேல் தோணியின் விளிம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையே அவர் கண்கொட்டாமல் பார்ப்பார். மிஞ்சியது நான்கு விரற்கடையானால், நான்கு விரற்கடை உயரமான அலைவரை தாங்கும். ஐந்தாவது விரற்கடைக்கு உயரும் அலை உள்ளே வந்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்திலும் கவனிக்க வேண்டியது, பாரம் ஏறியபின் மிஞ்சியிருக்கும் அந்த இடைவெளியையே.

ஒரு கணக்குக்காக, பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய முழுத் தூரம் 100 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியே ஏறி அமர, வண்டியின் சொந்தப் பாரமும் அவருடைய பாரமும் சேர்ந்து 30 மில்லிமீற்றர் தாழ்த்துமானால், மேடு வரும்போது சக்கரம் மேலெழ 70 மில்லிமீற்றரும், பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கி நிலத்தைத் தேடிப் பிடிக்க 30 மில்லிமீற்றரும் இருக்கும். இது நல்ல நிலை. முழு அசைவில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை தாழ்ந்து நிற்பதே பொருத்தம் என்பது அனுபவசாலிகள் கண்ட முடிவு. இப்போது பின்னால் மனைவி ஏறுகிறார். அவருடைய பாரமாகிய 60 கிலோ பின்சக்கரத்தின்மீதே விழுகிறதென்றால், மேற்சொன்ன வில் இன்னும் 30 மில்லிமீற்றர் தாழும். மேட்டுக்கு மிஞ்சுவது 40 தான். இதற்குமேல் பையும், தண்ணீர்ப் போத்தலும், அர்ச்சனைத் தட்டும் ஏறினால், அடுத்த நல்ல பள்ளத்தில் வில் முற்றாக ஒடுங்கி, இரும்பு இரும்பை இடிக்கும். அந்த இடியைத்தான் நம் அன்பர் ஸ்பொஞ்சின் குற்றமென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வளையத்தை இரண்டு படி உயர்த்தினால் இழந்த உயரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இதற்கு மாறாக, எப்போதும் தனியே ஓடும் இளைஞர் ஒருவர் வளையத்தை உச்சிப்படியில் வைத்திருந்தால், வில் தாழவே மாட்டாமல் மேல்முனையில் முட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்குக் கீழே இறங்க இடமில்லாமையால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி மொத்தமாகவே விழும். வில் கடினமாகிவிட்டது என்னும் பிரமை இதிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

அளப்பதும் எளிது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரம் நிலத்தில் படாதிருக்க, சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே வாற்பகுதியில் ஓர் அடையாளம்வரை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பு தாங்கியிலிருந்து இறக்கி, பிரயாணத்தில் அணியும் உடையோடும் தூக்கும் பையோடும் இருவரும் அமர, மூன்றாம் ஒருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே தாழ்வு.

சுருள்வில் மாத்திரம் இருந்தால் வண்டி ஒரு மேட்டைக் கடந்தபின்னும் வெகுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது சொக் அப்சோபருக்குள் சிறு துவாரங்களினூடே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய். ஆட்டத்தின் சக்தி அங்கே வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. நம் பிரதேசத்தில் இந்த எண்ணெய்க்குப் பெரிய சத்துரு உப்பு. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் வண்டியை இரவெல்லாம் வெளியில் நிறுத்தினால், உப்புக்காற்று சொக் அப்சோபரின் பளபளப்பான தண்டை அரிக்கிறது. அரிபட்ட தண்டு ரப்பர் முத்திரையைக் கிழிக்கிறது. எண்ணெய் கசிந்து போய்விடுகிறது. வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டால் இந்தக் கேடு வெகுவாகக் குறையும். வண்டியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் பலமாக அழுத்தி விட்டுப் பாருங்கள்: ஒரு தரம் எழுந்து நின்றுவிட்டால் எண்ணெய் உண்டு, மேலும் கீழுமாகத் துள்ளினால் எண்ணெய் போய்விட்டதென்று அறியலாம். முன்பக்கக் குழாய்களிலுள்ள எண்ணெயும் காலப்போக்கில் சீர்கெடுவதால், அதை மாற்றுவது எத்தனை சொற்பச் செலவில் எத்தனை பெரிய சுகத்தைத் தரும் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

மனித தேகம் எல்லா அதிர்ச்சிகளையும் ஒரே விதமாக உணர்வதில்லை. உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழுமாக அசைத்தால், விநாடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையிலான ஆட்டமே அவரை மிகவும் வருத்துகிறது. வயிறும் நெஞ்சும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் கோடை காலத்தில் வரிவரியாக எழும் மேடுகளை எண்ணிப் பாருங்கள். முக்கால் மீற்றருக்கு ஒரு வரி இருக்குமானால், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஏழு அடி விழும். அது தேகத்துக்கு ஆகாத எல்லைக்குள் அகப்படுகிறது. 60 கிலோமீற்றரில் அதுவே இருபத்திரண்டாகித் தேகம் அவ்வளவாக உணராத எல்லைக்குப் போய்விடுகிறது. இதனாலேயே வேகமாகப் போனால் சுகமாயிருக்கிறது என்று இளைஞர் கூறுகின்றனர். கூறுவது பொய்யன்று, ஆயின் அந்த வேகத்தில் சக்கரம் வரிகளின் உச்சிகளை மாத்திரம் தொட்டுக்கொண்டு பறப்பதால், பிரேக்குக்கும் வளைவுக்கும் பிடிப்பு இல்லாமற் போகிறது. அந்தச் சுகத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வேகத்தைக் குறைத்து, பாதக்கட்டையில் ஊன்றி, முழங்கால் சற்று மடிந்திருக்க எழுந்து நின்று ஓட்டினால், கால்களே நாலாவது காவலாகிவிடும். பின்னிருப்பவரால் அது முடியாதாகையால், அவர் இருக்கும்போது வேகத்தைக் குறைப்பது ஒன்றே உபாயம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாடுகளில் குளிரும் வேகமும் அதிகமாகையால், காற்றுத் தடுப்புகளுக்கு அங்கே பெரிய மதிப்பு; 1976 இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியின் முழுக் கவசத்தை, இத்தாலியிலுள்ள காற்றுச் சுரங்கமொன்றில் சோதித்தே உருவாக்கினார்கள். நம் வீதிகளில் 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் சிறு வண்டிக்கு அது வேண்டியதில்லை. இங்கே உபத்திரவம் செய்வது கச்சான். வறண்ட அந்த மேல்காற்று வெறுங்கையில் படப் படக் குளிர்ச்சி தோன்றினாலும், வியர்வையை நாமறியாமலே உறிஞ்சிக் களைப்பையும் தலைநோவையும் கொண்டுவருகிறது. முழுக்கைப் பருத்திச் சட்டையும், அடிக்கடி குடிக்கத் தண்ணீரும், விடியற்காலைப் புறப்பாடும் எந்தக் கண்ணாடித் தடுப்பையும்விட மேலானவை.

இனிப் பின்னிருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியோட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் நடுவே அமர்வதால், ஒவ்வொரு மேடும் அவரைப் பாதியளவே தூக்குகிறது. பின்னால் இருப்பவரோ ஏறக்குறைய பின் அச்சின்மேலேயே அமர்ந்து முழு அதிர்ச்சியையும் வாங்குகிறார். அத்துடன் சேலையுடுத்து ஒருபக்கமாக அமரும் பெண்ணுக்கு இடுப்பு முறுகி, பாரமெல்லாம் ஒரு தொடையில் தங்குகிறது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் குடும்ப வாகனம்; தாயும் பிள்ளைகளும் அதில்தான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். அப்படியிருந்தும் வண்டியின் சௌகரியத்தைப் பற்றிப் பேசும் ஆண்கள் எல்லோரும் தம் இடுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். பின்னிருப்பவரிடம் எங்கே நோகிறது என்று கேட்பவர் அரிது. இரண்டு பாதங்களும் முழுமையாக ஊன்றக்கூடிய அகலமான பாதத்தட்டு, சேலை சக்கரத்தில் சிக்காதபடி வலைத்தடுப்பு, பற்றிக்கொள்ள உறுதியான கைப்பிடி, அவருக்கும் அளவான தலைக்கவசம் ஆகியவற்றை வாங்கியபின் இருக்கைக்குப் பணம் மிஞ்சினால் போதும். பொதிகளைப் பின்கரியரில் உயரக் கட்டாமல், இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் இட்டு, இருவருக்கும் அருகே இருக்கும்படி வைத்தல் வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை இலேசாக்குகிறது. டயரின் காற்றை, வண்டியின் கைநூலில் இருவருக்கென்று குறித்த அளவுக்கு, புறப்படுமுன் சக்கரம் குளிர்ந்திருக்கையிலேயே நிரப்பிவிடுங்கள்.

அன்பருக்கு என் ஆலோசனை இதுதான்: இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் அமர்த்தி, அயலவர் ஒருவரைக்கொண்டு தாழ்வை அளந்து பாருங்கள். இருபுறமும் ஒரே படியில் வைத்து வளையத்தை உயர்த்திக்கொண்டே வந்து, மூன்றிலொரு பங்குக்குள் தாழ்வு அடங்குகிறதா என்று நோக்குங்கள். உச்சிப்படியிலும் அடங்காவிட்டால், உங்கள் வண்டியின் வில் இருவருடைய பாரத்துக்குப் போதாதென்று பொருள். ஸ்பொஞ்சுக்கென ஒதுக்கிய பணத்தில் பலமான வில்லுடைய சொக் அப்சோபர் சோடியொன்றை வாங்கிப் பூட்டி, கதிர்காமத்துக்குப் புறப்படுமுன் கொக்கட்டிச்சோலைவரை ஒரு தடவை போய் வாருங்கள்.