பிடரியும் முகமும்

'மன்னிப்பைப் பத்தி இதைவிட நல்ல படம் எடுக்க முடியாதுப்பா' என்றார் நண்பர். பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள், ழான்-பியரும் லுக்கும், 2002இல் எடுத்த 'மகன்' படத்தைப் பார்த்து முடித்திருந்தோம். எனக்கு உடன்பாடில்லை. படத்தில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. பின்னே நடப்பதுதான் என்ன? அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே இக்குறிப்பு.

தொழிற்பயிற்சி மையமொன்றில் தச்சு கற்றுக்கொடுப்பவன் ஒலிவியே. புதிதாக வரும் 16 வயது பிரான்சிஸ், 5 ஆண்டுகளுக்கு முன் கார் ரேடியோவைத் திருடப்போய், காரிலிருந்த ஒலிவியேவின் மகனைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன். ஒலிவியேவுக்கு இது தெரியும். தன் ஆசிரியர் யாரென்பது பையனுக்குத் தெரியாது. முதலில் இடமில்லை என்று மறுத்த ஒலிவியே, பிறகு சேர்த்துக்கொள்கிறான். பிரிந்துபோன மனைவி மகாலி பதறிக் கேட்கிறாள்: யாரும் செய்யாததை நீ ஏன் செய்கிறாய்? 'தெரியல' என்பதுதான் அவன் பதில்.

இந்தத் 'தெரியல'வைக் கவனிக்க வேண்டும். மீட்சி பற்றிய வழக்கமான கதையாடலில் குற்றம், கண்ணீர், மனமாற்றம், மன்னிப்பு என்றொரு வரிசை உண்டு. இங்கே அது இல்லை. பின்னணி இசையும் கிடையாது. காமிரா பெரும்பாலும் ஒலிவியேவின் பிடரியை ஒட்டியே அலைகிறது. அவன் கொல்லப்போகிறானா, அணைக்கப்போகிறானா என்று முகம் பார்த்து முடிவுகட்டும் வசதி நமக்கு மறுக்கப்படுகிறது.

லுக் தத்துவம் பயின்றவர், லெவினாஸின் பாதிப்புள்ளவர். பிறரின் முகமே 'கொல்லாதே' என்று நம்மிடம் கோருகிறது என்பது லெவினாஸின் அறவியல். முகம் என்று அவர் சொல்வது கண்ணையும் மூக்கையும் அல்ல. வசிலி குரோஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவலில் லுபியாங்கா சிறைக்கு முன் வரிசையில் நிற்பவர்கள், தமக்கு முன்னால் நிற்பவரின் பிடரியில் அவர் துயரத்தைப் படிக்கிறார்கள். அதையும் லெவினாஸ் முகம் என்றே கொள்கிறார். தார்தென்களின் காமிரா நிற்கும் இடமும் இதுதான்.

மரவாடிக்குப் போகிற வழியில், செய்ததற்கு வருந்துகிறாயா என்று ஒலிவியே கேட்கிறான். அஞ்சு வருஷம் உள்ளே கிடந்தால் வருந்தாமல் முடியுமா என்கிற தொனியில் பையன் பதில் சொல்கிறான். அவன் வருத்தம் செத்த குழந்தைக்காக அல்ல, தொலைந்த வருஷங்களுக்காக. இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? ஆனால் முன்பு ஓர் இரவில், தன் காலுக்கும் ஒலிவியேவின் காலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டவனும் இவன்தான். ஒலிவியே கண்ணளவாகவே சொல்ல, பையன் மடக்கு ஸ்கேலை விரித்துச் சரிபார்க்கிறான். கொன்றவனுக்கும் இழந்தவனுக்கும் நடுவிலுள்ள தூரம், இருவரும் சேர்ந்து அளக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

மரவாடியில் உண்மையைச் சொன்னதும் பையன் ஓடுகிறான். துரத்திப் பிடித்த ஒலிவியே அவன் கழுத்தில் கை வைக்கிறான். பிறகு எடுத்துவிடுகிறான். சற்றுப் பொறுத்துப் பையன் தானாகவே திரும்பி வருகிறான். பேச்சில்லை. இருவரும் பலகைகளை வண்டியில் ஏற்றிக் கட்டுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

இதற்கு மன்னிப்பு என்று பெயரிட்டுவிட்டால் நமக்கு நிம்மதி. செத்த குழந்தையின் சார்பில் மன்னிக்கத் தகப்பனுக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி அத்தோடு மறைந்துவிடும். படம் அக்கேள்வியை மூடவில்லை. கொல்லாமல் விட்ட கை மறுபடி பலகையைத் தூக்குகிறது, அவ்வளவுதான். மீட்சி என்று ஒன்று இருக்குமானால், அது மறுநாளும் அந்தப் பையனுக்குத் தச்சு சொல்லிக்கொடுப்பதில் இருக்கலாம் எனத் தோன்றுகிறது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். 'நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?' என்றார்.

'தெரியல.'