பட்டை கூட்டினால் பாரம் கூடுமா?

சந்தைக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டால், வில் பட்டையில் இன்னும் இரண்டைச் சேர்த்துவிடலாம் என்ற யோசனைதான் பட்டறையில் முதலில் கிடைக்கும். பட்டை கூட்டினால் வண்டி நிமிரும், அது உண்மைதான். ஆனால் அச்சு, பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவையே. பதிவுச் சான்றில் உள்ள எடையும் அப்படியேதான் இருக்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அதிக பாரத்துக்கு ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000 என்று அபராதம் விதிக்கிறது. தக்காளி விற்ற பணம் அதற்கே போதாது.

ஆகவே, வண்டி எப்போது தாழ்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பாரம் இல்லாதபோதும் தாழ்ந்திருந்தால் பட்டை சோர்ந்துவிட்டது, அல்லது உள்ளே ஒன்று முறிந்திருக்கிறது என்று பொருள். அடுக்கின் நடுவில் முறிந்த பட்டை எளிதில் கண்ணில் படாது. சேற்றைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். உலையில் காய்ச்சி வளைத்த பட்டையும், முறையாகப் பதம் ஏற்றாவிட்டால், நெடுநாள் நிற்காது. புது செட் போடுவதே மேல்.

பாரம் ஏற்றும்போது மட்டும் தாழ்ந்தால், அதுவும் அனுமதித்த எடைக்குள்ளேயே தாழ்ந்தால், ஹெல்பர் பட்டை உதவும். பாரம் இறங்கும்போதுதான் இது வேலைக்கு வரும். வெறும் வண்டி தூக்கிப்போடாது. இரு பக்கமும் ஒரே அளவில் போட வேண்டும். யூ போல்ட் புதிதாக இருக்கட்டும். முதல் பார நடை முடிந்ததும் அதை மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பி மூலம் பிரேக் வால்வு இணைந்திருக்கும். வண்டியின் உயரத்தை வைத்தே அது பாரத்தை அறிகிறது. பட்டை கூட்டி வண்டி உயர்ந்துவிட்டால், பாரம் இல்லை என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இந்த வால்வைச் சரிசெய்யாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கக் கூடாது.

டிரெய்லர் இழுப்போர் மாட்டு வண்டிக் கணக்கை நினைவில் வைத்தால் போதும். பின்பாரமானால் டிரெய்லர் ஆடும்; முன்பாரம் மிகுந்தால் பிக்கப்பின் பின்புறம் அமுங்கும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குமாறு மூட்டைகளை அடுக்குவது நல்லது. கொக்கி பின் அச்சுக்கு அப்பால் இருப்பதால் பாரம் நெம்புகோல் போல் அழுத்தும். அச்சுகளின் இடைவெளி 3 மீட்டர், கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்றால், கொக்கியில் 150 கிலோ இறங்கும்போது பின் அச்சில் 210 கிலோ ஏறும்; முன் சக்கரங்களில் 60 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகும், விளக்கு வானத்தைப் பார்க்கும். பட்டை கூட்டினால் விளக்கு வேண்டுமானால் கீழே இறங்கும். முன் சக்கரத்தில் குறைந்த 60 கிலோ திரும்பி வராது. நாலு மூட்டையை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்துப் பார்த்த பிறகு பட்டறைக்குப் போகலாம்.