முதியோர் இல்லத்தில் இசைந்து வாழ்தல்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அறுபது வயதை எய்தியோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவராவர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தினருடனேயே வாழ்கின்றனர். எனினும், துணையை இழந்தமையாலும், மக்கள் தொலைவிடங்களில் தொழில் புரிவதாலும், வறுமையாலும் முதியோர் இல்லங்களை நாடுவோரும் உளர். மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்குமாறு, படிப்படியாக நிறுவ 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மைய அரசின் சட்டம் வழிவகுத்துள்ளது.

உணவும் உறையுளும் மருத்துவமும் கிடைத்தால் முதியவர் அங்கு மனம் பொருந்திவிடுவார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. வீட்டில் ஒரு மூதாட்டி சமையலுக்கு அரிசி அளந்து கொடுக்கிறார், பேரனைக் கண்டிக்கிறார், விரும்பிய வேளையில் நீராடுகிறார். இவை சிறு செயல்களே. ஆயினும் அவருக்கு ஓர் இடத்தை அளிப்பவை இவையே. இல்லத்திலோ உணவும் உறக்கமும் பொழுதுபோக்கும் ஒரே கூரையின் கீழ், ஒரே நிர்வாகத்தின் மணியோசைக்கேற்ப நிகழ்கின்றன. இத்தகைய அமைப்புகளில் தனி மனிதரின் அடையாளம் தேய்வதைச் சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன் 1961-இல் விளக்கினார்.

இக்குறையைப் போக்க இயலுமா? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து இல்லமொன்றில் எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்னும் உளவியலறிஞர் இருவர் செய்த சோதனை 1976-இல் வெளியாயிற்று. ஒரு மாடியிலிருந்தோரிடம், அறையை ஒழுங்கு செய்வதும் பொழுதைக் கழிப்பதும் அவர்தம் பொறுப்பே என வற்புறுத்தப்பட்டது. ஆளுக்கொரு செடி தரப்பட்டது. அதை அவர்களே பேண வேண்டும். திரைப்படம் காணும் நாளையும் அவர்களே தேர்ந்தனர். மற்றொரு மாடியிலிருந்தோர்க்கும் செடி தரப்பட்டது. ஆனால் நீர் ஊற்றியவர் செவிலியர். மூன்று வாரங்களுக்குப்பின், பொறுப்பேற்றோரிடம் ஊக்கமும் மகிழ்ச்சியும் மிகுந்து காணப்பட்டன.

அதே ஆண்டில் ரிச்சர்டு ஷுல்ஸ் என்பார் வேறொரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர் முதியோரைச் சென்று கண்டு உரையாடினர். வருகையின் நாளையும் நேரத்தையும் தாமே வகுத்தோரும், முன்கூட்டியே அறிந்திருந்தோரும் நலம் பெற்றனர். எதிர்பாராத வேளையில் காணப்பட்டோர் அத்தகைய பயன் பெறவில்லை. ஆனால், வருகை நின்ற பின்னர் நெடுநாள் கழித்து ஆராய்ந்தபோது, முன்பு நலம் பெற்றிருந்தோரே தளர்ந்திருந்தனர் என்பது 1978-இல் வெளியிடப்பட்டது.

இம்முடிவு நம் நாட்டிலும் சிந்திக்கத் தக்கது. பண்டிகை நாளில் இனிப்புடன் சென்று, விரைவில் மீண்டும் வருவதாகச் சொல்லி, பின்னர் வாராதிருத்தல் தொண்டாகாது. மாதம் ஒரு முறையாயினும் குறித்த நாளில் தவறாது செல்லுதல் நன்று. வருகையை நிறுத்த நேரிடின் முன்னரே தெரிவித்தல் வேண்டும். இல்லத்தை நடத்துவோரும், உடன் தங்குபவரைத் தேர்தல், பழகிய பெட்டியையோ பூசைப் படத்தையோ வைத்துக்கொள்ளல், உணவைக் குறித்துக் கருத்துரைத்தல் ஆகிய உரிமைகளை முதியோர்க்கு அளிக்கலாம். காய் நறுக்குதல், செடி வளர்த்தல், செய்தித்தாளைப் பிறர்க்குப் படித்துக் காட்டல் போன்ற பணிகளை, வற்புறுத்தாமல், விரும்புவோரிடம் ஒப்படைக்கலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதியவர் பேணப்படுபவர் மட்டும் அல்லர்; தம் வாழ்வைக் குறித்து இன்னும் முடிவு செய்ய வல்லவர் என்னும் மதிப்பே வேண்டுவது.