மூன்று லிட்டர் ஆயிலில் இருக்கிறது ஆயுள்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா எல்லாம் மாருதி வண்டிகள். இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட் டாடாவுடையவை. புன்டோவும் லினியாவும் ஃபியட். செயிலும் என்ஜாயும் செவ்ரோலெட். முகமும் விலையும் வேறு வேறு. ஆனால் இவற்றின் டீசல் மாடல்களில் பானெட்டைத் திறந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரே என்ஜின்தான். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது, செவ்ரோலெட் ஸ்மார்டெக் என்றது. பெற்றெடுத்த ஃபியட் வைத்த பெயர் மல்டிஜெட். கார் விஷயம் தெரிந்தவர்கள் இதை இந்தியாவின் 'தேசிய என்ஜின்' என்றே சொல்லிவந்தார்கள்.

இந்தியாவில் புதிய கார்களில் இந்த என்ஜின் வருவது 2020இல் நின்றுபோனது. பழைய கார் சந்தையிலோ இன்றும் இதற்குக் கிராக்கி குறையவில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஒரு ஸ்விஃப்ட் டீசலை வாங்க நினைப்பவர், அதற்குள் என்ன இருக்கிறது, எங்கே பழுதாகும், ஏன் பழுதாகும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாளிகளாக இருந்த காலத்தில், 2003இல் வெளிவந்தது இந்த என்ஜின். போலந்தின் பியல்ஸ்கோ-பியாவா நகரத்து ஆலையில் உற்பத்தி தொடங்கியது. கொள்ளளவு 1248 சிசி. நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. என்ஜினின் எடை ஏறக்குறைய 130 கிலோதான். நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. டீசல் என்ஜின் என்றாலே கனமும் இரைச்சலும் என்றிருந்த நாளில், சின்ன காரின் மூக்குக்குள் அடங்கும் அளவில் ஒன்றைச் செய்து காட்டியதுதான் சாதனை. 2005இல் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் உலகின் சிறந்த என்ஜினுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது.

இந்தியாவில் இது இரண்டு விதமாக வந்தது. சாதாரண டர்போ கொண்டது 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா போன்ற வண்டிகளுக்கு, தேவைக்கேற்பத் தகடுகளைத் திருப்பிக்கொள்ளும் டர்போ பொருத்தப்பட்டது. அது 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர்.

மல்டிஜெட் என்ற பெயருக்குக் காரணம் அதன் டீசல் தெளிப்பு முறை. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்கும். காமன் ரெயில் எனப்படும் இந்த முறை காருக்கு வந்ததும் ஃபியட் குழுமத்தின் வழியாகத்தான்: 1997இன் ஆல்ஃபா ரோமியோ 156. மல்டிஜெட் அதில் அடுத்த படி. ஒரே மூச்சில் டீசலைக் கொட்டாமல், ஒரு சுழற்சிக்குள் ஐந்து தடவை வரை பிரித்துப் பிரித்துத் தெளிக்க முடியும். முதலில் ஒரு துளி எரிந்து சூட்டைப் பரப்ப, பிறகு பெரிய தெளிப்பு வரும். பழைய டீசல்களின் 'கடகட' ஓசை இதனால்தான் அடங்கியது, மைலேஜும் ஏறியது.

2007 தொடக்கத்தில் ஸ்விஃப்ட் டீசல் விற்பனைக்கு வந்தது. அதற்கான என்ஜின் ஹரியானாவின் மானேசரில் தயாரானது. ஃபியட்டுக்கும் டாடாவுக்கும் புனே அருகே ரஞ்சன்காவ் ஆலை. பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010இல் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட வருடங்களில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த காலமும் உண்டு. மாதக்கணக்கில் காத்திருந்து ஜனங்கள் டீசல் ஸ்விஃப்ட் வாங்கினார்கள்.

இனி, பழுதுகள்.

முதலில் சொல்ல வேண்டியது டைமிங் செயின். பல டீசல் என்ஜின்களில் ரப்பர் பெல்ட் செய்யும் வேலையை இதில் இரும்புச் சங்கிலி செய்கிறது: கீழே சுற்றும் கிராங்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளையும் தாளம் பிசகாமல் இணைப்பது. பெல்ட் என்றால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். செயின் என்ஜினின் ஆயுளுக்கும் போதுமானது என்றுதான் சொல்லப்பட்டது. நடைமுறையில் அப்படி இல்லை. ஒழுங்காகப் பராமரித்த டாக்ஸிகளில் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் முதல் செயினே ஓடுகிறது. பராமரிப்பு தவறிய வண்டிகளில் 1 லட்சத்திலேயே சத்தம் கேட்கிறது.

காரணம் ஆயில். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இயங்குவது ஆயில் அழுத்தத்தில். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள் ஆயிலில் கலக்கும். நாள்பட்ட ஆயிலில் அது உப்புத்தாள்போல் செயினின் ஒவ்வொரு ஊசியையும் தேய்க்கும். ஒவ்வொரு கணுவிலும் இம்மியளவு தேய்ந்தால் போதும், செயின் நீண்டுவிடும். இந்த என்ஜின் பிடிப்பதோ சுமார் 3 லிட்டர் ஆயில். அரை லிட்டர் குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஐரோப்பாவில் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று ஃபியட் அறிவித்திருந்தது. இங்கே மாருதி வைத்தது 10,000. நம் தூசிக்கும் வெயிலுக்கும் நகர நெரிசலுக்கும் அந்த 10,000கூட அதிகபட்ச எல்லைதான். அதைத் தள்ளிப்போடுவது செயினின் ஆயுளைக் குறைப்பதே.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, வலப்பக்கம் முன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'கரகர' என்று இரண்டு மூன்று விநாடி உரசி, ஆயில் ஏறியதும் அடங்கினால், டென்ஷனர் தளர்கிறது. சூடான பிறகும் சத்தம் தொடர்ந்தால், வண்டியை ஓட்டாமல் செயினை மாற்றுவதே புத்திசாலித்தனம். செயின் ஒரு பல் தாவினாலோ அறுந்தாலோ பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும். செயினோடு டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாவற்றையும் செட்டாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

டர்போவின் கதையும் ஆயிலில்தான் வந்து முடிகிறது. புகையின் வேகத்தில் சுழலும் அதன் தண்டு, நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகக்கூடியது. அந்த வேகத்தில் உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் பறந்துவந்து, உளுந்தூர்பேட்டை டீக்கடையில் நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கும் பழக்கம் டர்போவுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

டர்போ சீல் கசிந்தால் நீலம் பாரித்த புகை வரும், ஆயில் அளவு இறங்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் மிக அரிதாக ஓர் ஆபத்து உண்டு: கசியும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து என்ஜின் தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது பிரேக்கை முழு பலத்தில் மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை அடக்க வேண்டும். டீசல் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

90 குதிரைத்திறன் மாடலில் டர்போ தகடுகளில் கரி படிந்து இறுகிப்போவது கூடுதல் தொல்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை திடீரென்று செத்துவிடும். அந்தத் தகடுகளை இயக்கும் வாக்குவம் குழாய் விரிசல் விட்டாலும் இதே அறிகுறிதான் என்பதால், டர்போவையே மாற்றச் சொன்னால் முதலில் அந்தச் சின்ன ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்விலும் கரி சேரும். நகருக்குள்ளேயே சுற்றும் வண்டிகளில் இது அதிகம். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

இன்ஜெக்டரில் கைவைத்தால் செலவு கனக்கும். அதன் உள்ளே அசையும் பாகங்களுக்கிடையே சில மைக்ரான் இடைவெளிதான். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் அங்கேதான் முதல் அடி. மண்ணெண்ணெய் கலந்த டீசல் வழவழப்பை இழந்துவிடுவதால் உயர் அழுத்தப் பம்பும் சேர்ந்து தேயும். அந்தப் பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. எந்த இன்ஜெக்டர் கெட்டது என்று கண்டுபிடிக்க நல்ல மெக்கானிக்குகளிடம் எளிய வழி இருக்கிறது. நான்கின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நான்கு பாட்டில்களில் தனித்தனியே விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, நான்காவதில் விறுவிறுவென்று ஏறினால் குற்றவாளி அதுதான். நான்கையும் மாற்ற வேண்டியதில்லை.

பழுதல்லாத ஒரு குறையும் உண்டு. 75 குதிரைத்திறன் மாடலில், 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ விழிப்பதில்லை. வால்பாறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திணறி நிற்கும், ஆட்கள் நிறைய இருந்தால் இன்னும் மோசம். பலரும் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து ஏற்றுவார்கள். கிளட்ச் தட்டு சீக்கிரம் கருகுவது இதனால்தான். தயங்காமல் முதல் கியருக்கு இறங்குவதே வழி.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, இந்த என்ஜினை அதற்கேற்ப மாற்றும் செலவு சின்ன கார்களுக்குக் கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே கைவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பு சியாஸில் அறிமுகமான அதன் சொந்த 1.5 லிட்டர் டீசலும் அத்தோடு போனது. பியல்ஸ்கோ-பியாவா ஆலையை மூடப்போவதாக ஃபியட்டின் இன்றைய தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024 தொடக்கத்தில் அறிவித்தது. ஆனால் இத்தனை கம்பெனிகள் பயன்படுத்திய என்ஜின் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. சிறு ஊர் மெக்கானிக்குக்கும் இது பழகிய என்ஜின். வாங்கப் போகிறவர் காலை வேளையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வருவது மேல். கிலோமீட்டர் மீட்டரைத் திருத்திவிடலாம். ஆயில் மாற்றிய தேதிகளும் கிலோமீட்டரும் அடங்கிய சர்வீஸ் பில்களையும், ஸ்டார்ட் ஆகும் அந்த முதல் மூன்று விநாடிச் சத்தத்தையும் திருத்துவது கடினம்.