வீட்டில் பதியலாம், கடையில் போடலாமா?

காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டும் மளிகை வியாபாரிக்கு மாலைச் செய்தியும் கிடையாது, தொடரும் கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. வீடியோ கேசட் காலத்தில் வி.சி.ஆரில் நேரம் குறித்து வைத்து, வீடு திரும்பியபின் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வேலையை இன்று வீட்டுக் கம்ப்யூட்டரே செய்துவிடும். ஆனால் அதில் இறங்குமுன் நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

என்ன தேவை?

முன்பு கேபிள் ஒயரை டி.வி. டியூனர் கார்டில் நேராகச் செருகினால் போதும். 2012 முதல் கேபிள் இணைப்புகள் கட்டம் கட்டமாக டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டபின், செட்-டாப் பாக்ஸ் இன்றிப் படம் வராது. எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கார்டை வாங்கிவிடாதீர்கள். பாக்ஸின் பின்புறமுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. முனைகளை யு.எஸ்.பி. கேப்சர் கருவி மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கலாம். வேண்டிய சேனலைப் பாக்ஸில் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

2004-ல் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவையில் பூட்டில்லாமல் வரும் சேனல்களை, டிஷ் ஒயரை ஏற்கும் டி.வி.பி.-எஸ்2 கார்டு நேராகவே பதிந்து தரும். மின்வெட்டு உள்ள ஊர்களில் கம்ப்யூட்டரோடு பாக்ஸையும் யு.பி.எஸ்.ஸில் இணைப்பது நல்லது.

இடக் கணக்கு

வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜி.பி. இடம் பிடிக்கும். அரைமணித் தொடர் ஒன்றை வாரம் 6 நாள் பதிந்தால் ஓராண்டில் சுமார் 350 ஜி.பி. ஆகிவிடும். சரக்கு அறையைப் போலத்தான், பழையதைக் கழித்தால்தான் புதியதற்கு இடம்.

முக்கியமாக, பில் போடும் கம்ப்யூட்டரில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க் நிரம்பினால் அன்றைய கணக்கே பதிவாகாமல் போகலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். நாடகத்துக்காகக் கணக்கை இழக்கலாமா?

சட்டம் சொல்வது

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவது உரிமை மீறல் ஆகாது. சலுகை அவ்வளவுதான். அதே பதிவைக் கூட்டம் சேர்க்கக் கடையில் ஓடவிடுவதும், பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவதும் சொந்த உபயோகத்தில் சேராது. தெரிந்தே மீறுவோருக்கு 63-வது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

தொழில் அல்லது வியாபார ஆதாயத்துக்காகச் செய்யாத மீறல் என்றால், தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓடிய படத்தை வியாபாரத்துக்காக அல்ல என்று சொன்னால் எடுபடுவது கடினம். பொழுதுபோக்குக்காக வீட்டில் பதிந்தது, வழக்காகக் கடைக்கு வந்துவிடக் கூடாது. ஆகவே வணிகர்கள் பதிவுகளை வீட்டோடு நிறுத்திக்கொள்வதுடன், கடைப் பையன்களுக்கும் இதை எடுத்துச் சொல்லிவைப்பது நலம்.