கேபிளை மாற்றினால் காது தெளியுமா?

"பாட்டு முன்போல் தெளிவாகக் கேட்கவில்லை, விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கினால் சரியாகிவிடுமா, டாக்டர்?" கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவர்கள் எம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. சிலர் தங்க முலாம் பூசிய கேபிளையும் வாங்கிவிட்டு வருகிறார்கள்.

இளமையில் மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். வயது கூடக் கூட மேல் எல்லை தானாகவே குறையும். 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யே ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்ய வல்லது. அதற்கும் மேலான துல்லியம் எனக் கூறி விற்கப்படுவதைக் காதால் அறிய முடிகிறதா? 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எது ஒலிக்கிறது என்று தெரிவிக்காமல் உயர்தரப் பதிவையும் அதன் சி.டி. தர வடிவத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் 276 முறையே விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் கிடைத்திருக்கும்.

வேறுபாடு கேட்டதாகச் சொல்வோர் பொய் சொல்வதில்லை. செலவழித்த பணமும் எதிர்பார்ப்பும் கேட்கும் அனுபவத்தை மாற்றுகின்றன. ஒலி சற்றே கூடினாலும் அது 'தெளிவு' எனத் தோன்றும். ஹெட்போன்களுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டு. ஆனால் தங்க முலாம் இணைப்பு முனை அரிக்காமல் காக்குமேயன்றி, இழந்த செவித்திறனை மீட்காது.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தொடர்ந்த பேரிரைச்சலால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இப்பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. அதனால் ஜால்ராவின் ஒலி மங்குகிறது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவுகின்றன. பேச்சு கேட்டாலும் சொல் விளங்குவதில்லை. இதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டினால் எஞ்சிய செல்களும் சேதமடையும்.

பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே பாதுகாப்பான கேட்புக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. பகலெல்லாம் இயந்திர ஓசையில் நின்றுவிட்டு, திரும்பும் மின்ரயிலின் இரைச்சலை மிஞ்சப் பாட்டு வைப்பவருக்கு அந்த அளவு விரைவில் கடந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேரும் இடத்தில் காதடைப்பான் அணியுங்கள்.

• பணி முடிந்ததும் காதுக்குச் சில மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

• ஆண்டுக்கொரு முறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலியற்றது, பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடியும்.

• திடீரெனக் காது கேளாமற் போனால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். தாமதித்தால் சிகிச்சையின் பயன் குறையும்.

தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதை முதலில் கவனிப்பவர்கள் குடும்பத்தினரே. அவரைக் கடிந்துகொள்ளாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். புதிய கேபிள் வாங்குவது அதன் பிறகு இருக்கட்டும்.